கண்ட்ரி ஹவுஸ் என்றால் என்ன? ஹார்ட்விக் ஹாலை வைத்து ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தின் டெர்பிஷையர் பகுதியில் எம்1 நெடுஞ்சாலையில் போகும்போது, தூரத்தில் ஒரு குன்றின் மேல் ஆறு கோபுரங்களோடு ஒரு கல் மாளிகை தெரியும். அதுதான் ஹார்ட்விக் ஹால். 1590-ல் அஸ்திவாரம் போட்டு, 1597-ல் குடியேறிய வீடு. நானூறு ஆண்டுகள் தாண்டியும் பெரிய மாற்றம் இல்லாமல் நிற்கிறது, இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் 'கிரேடு 1', அதாவது மிக உயர்ந்த நிலையில் இருக்கிறது.

ஆங்கிலேயர்களின் கண்ட்ரி ஹவுஸ் பற்றிப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வீட்டைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். இதைவிடப் பெரியவை உண்டு, இதைவிட ஆடம்பரமானவை ஏராளம் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஜன்னலும் ஏன் அந்த உயரம், ஒவ்வொரு மாடியும் ஏன் அந்த இடத்தில் என்று கேட்டால், அதற்கு வெளிச்சுவரிலேயே இவ்வளவு தெளிவாகப் பதில் எழுதி வைத்திருக்கும் வீடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சரி, முதலில் அடிப்படை. கண்ட்ரி ஹவுஸ் என்பது பெரிய நிலவுடைமைக் குடும்பம் ஒன்று தன் நிலங்களுக்கு நடுவே கட்டிக்கொண்ட மாளிகை. நம் ஊர் ஜமீன் மாளிகையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வரும் குத்தகைப் பணம்தான் வீட்டைக் கட்டியது, வீட்டை நடத்தியது. அந்த வட்டாரத்தின் அரசியல் நடந்த இடமும், வழக்குகள் பேசித் தீர்ந்த இடமும், பெரிய மனிதர்கள் வந்து தங்கிய இடமும் அதுதான். ஆகவே குடும்பம் வசதியாக வாழ வேண்டும் என்பது கட்டுவதற்கான காரணங்களில் ஒன்று மட்டுமே. வருகிறவர் வாசலில் குதிரையை விட்டு இறங்கும்போதே இந்தக் குடும்பம் எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துவிட வேண்டும், அது அதைவிட முக்கியம். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இந்த வேலையைக் கோட்டைகள் செய்தன. ட்யூடர் அரசர்கள் காலத்தில் உள்நாட்டில் ஓரளவு அமைதி வந்த பிறகு, தடித்த சுவரும் சிறு துவாரங்களும் தேவைப்படவில்லை. தற்காப்பைப் பற்றிக் கவலையே இல்லாமல் பெரிய ஜன்னல் வைக்கலாம் என்ற நிலை வந்ததும் வசதியுள்ளவர்கள் அதை வெளுத்து வாங்கிவிட்டார்கள்.

கட்டியவர் யார்

இந்த வீட்டைக் கட்டியவர் ஒரு பெண். ஷ்ரூஸ்பரி கோமாட்டி எலிசபெத். வரலாற்றில் 'பெஸ் ஆஃப் ஹார்ட்விக்' என்றுதான் பெயர். அதே குன்றில் இருந்த ஒரு சுமாரான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு முறை திருமணம் ஆனது, நான்கு கணவர்களும் அவருக்கு முன்பே இறந்தார்கள், ஒவ்வொரு திருமணத்திலும் அவருடைய நிலை ஒரு படி உயர்ந்தது. இரண்டாவது கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ். பிள்ளைகள் எல்லாம் அவர் வழியில்தான், பின்னாளில் டெவன்ஷையர் பிரபுக்கள் ஆன வம்சம் அது. நான்காவது கணவர் ஆறாவது ஷ்ரூஸ்பரி பிரபு, நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். ஸ்காட்லாந்து அரசி மேரியைப் பதினைந்து ஆண்டுகள் காவலில் வைத்திருக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்தத் திருமணம் கசந்து, சொத்துச் சண்டையில் முடிந்து, பெஸ் தன் பிறந்த ஊருக்கே திரும்பி வந்து பழைய வீட்டைப் பெரிதாக்கிக் கட்டத் தொடங்கினார். அதுதான் இன்று பக்கத்திலேயே இடிபாடாக நிற்கும் ஓல்ட் ஹால்.

அந்த வேலை முடிவதற்குள் 1590 நவம்பரில் பிரபு இறந்துபோக, விதவைக்குச் சேர வேண்டிய பெரும் வருமானம் பெஸ்ஸின் கைக்கு வந்தது. அதையொட்டிய வாரங்களிலேயே, பழைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. அந்த வயதில், அந்தக் காலத்தில், ஒரு பெண் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாமல் தன் பணத்தில் தன் விருப்பப்படி ஒரு மாளிகை கட்டினார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் கூரை விளிம்பு புரியும். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கைப்பிடிச் சுவரில் பெரிய இரண்டு எழுத்துகள் கல்லில் செதுக்கி, பின்னால் வானம் தெரியும்படி வைத்திருக்கிறார்கள்: இ, எஸ். எலிசபெத் ஷ்ரூஸ்பரி. மேலே ஒரு மகுடம். பல மைல் தூரத்திலிருந்து குன்றைப் பார்க்கிறவருக்கும் இது யார் வீடு என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன். கல்தச்சராகத் தொழிலைத் தொடங்கி, லாங்லீட் என்ற மாளிகையில் வேலை பார்த்து, நாட்டிங்காம் பக்கத்தில் வொல்லட்டன் ஹாலைக் கட்டியவர். ஆர்க்கிடெக்ட் என்று ஒரு தனித் தொழில் இங்கிலாந்தில் இன்னும் உருவாகாத காலம் அது. வீட்டின் பிளானை ஒருவர் வரைவார், கட்டுகிற கொத்தர்கள் நடுவில் தங்கள் வழக்கப்படி மாற்றுவார்கள், வீட்டுக்காரர் தினமும் வந்து இன்னொரு மாற்றம் சொல்வார். ஹார்ட்விக்கை ஒத்த ஒரு பிளான் ஸ்மித்சனின் வரைபடங்களில் இருக்கிறது, ஆகவே யோசனை அவருடையது என்கிறார்கள். அதை நிஜ வீடாக்கியது பெஸ்ஸும் அவருடைய வேலையாட்களும். அந்த வேலைக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருப்பதால் பலருடைய பெயரும் நமக்குத் தெரியும். சுவர்க் கல்லில் பெரும்பகுதியைச் செய்து கொடுத்தது ஜான், கிறிஸ்டோபர் ரோட்ஸ் என்ற சகோதரர்கள். சுதை வேலைக்கு ஏபிரகாம் ஸ்மித், பளிங்கும் கல் சிற்பமும் தாமஸ் ஆக்கர்ஸ். கண்ட்ரி ஹவுஸ் வரலாறு என்றால் பிரபுக்களின் பெயர் மட்டுமே வரும், கைவேலை செய்தவர்களின் பெயர் இவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

கல் எங்கிருந்து வந்தது

வீடு நிற்கும் குன்றின் அடியிலிருந்தே. பெரும்பகுதி உள்ளூர் மணற்கல். ரயிலும் லாரியும் இல்லாத காலத்தில் கல்லை வெட்டுவதைவிட மாட்டுவண்டியில் இழுத்து வருவதுதான் பெரிய செலவு. அதனால்தான் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் வீட்டின் நிறம் மாறுகிறது. சாமர்செட்டில் தேன் நிற ஹாம் கல், காட்ஸ்வோல்ட்ஸில் இளமஞ்சள் சுண்ணாம்புக்கல், இங்கே பழுப்பும் சாம்பலும் கலந்த மணற்கல். காலடியில் இருக்கும் பாறை எதுவோ அதுதான் சுவர். பெஸ்ஸுக்கு இன்னொரு வசதி, தேவையான மற்றப் பொருள்களும் பெரும்பாலும் அவருடைய சொந்த நிலத்திலிருந்தே வந்தன. கூரைக்கு ஈயம் அவருடைய சுரங்கங்களிலிருந்து, மரம் அவருடைய காடுகளிலிருந்து, கண்ணாடி விங்ஃபீல்டில் அவர் நடத்திய சூளையிலிருந்து. சிலவற்றைத்தான் வெளியே வாங்க வேண்டியிருந்தது.

மணற்கல்லைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் எந்தப் பழைய கல் வீட்டையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். இது மணல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. பூமிக்குள் எப்படிப் படுத்திருந்ததோ அதே போக்கில் சுவரிலும் படுக்க வைத்தால் நூற்றாண்டுகள் நிற்கும். நிமிர்த்தி வைத்தால் மழையும் உறைபனியும் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, முகப்பு ஏடு ஏடாக உரிந்து வரும். பழைய சுவரில் ஒரு கல் மட்டும் உரிந்து, பக்கத்துக் கல் நன்றாக இருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

சுவரைவிட ஜன்னல் அதிகம்

'ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு சொலவடை உண்டு. முகப்பைப் பார்த்தால் உண்மைதான் என்று தோன்றும். அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடித் தகடு செய்யத் தெரியாது. கையகலத் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்துத்தான் ஜன்னல் செய்ய வேண்டும், அது கொள்ளை விலை. ஆகவே ஜன்னலின் பரப்பளவு என்பது பணத்தின் அளவு, ஊரே பார்க்கும்படி. கண்ணாடியைத் தாங்க, கல்லிலேயே செங்குத்தாகவும் குறுக்காகவும் சட்டங்கள் செதுக்கி வைத்தார்கள். வெளியே இருந்து பார்க்கும்போது கட்டம் கட்டமாகத் தெரிவது அந்தச் சட்டங்கள்தான்.

சுவரையெல்லாம் ஜன்னலாக்கிவிட்டால் பாரத்தை யார் தாங்குவது? புகைபோக்கி எங்கே போகும்? இங்கேதான் ஸ்மித்சனின் சாமர்த்தியம். வீட்டின் நடுவே கனமான உள்சுவர்களை வைத்து, கணப்புகளையும் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் அவற்றுக்குள் நுழைத்துவிட்டார். வெளிச்சுவர் கண்ணாடிக்கு விடப்பட்டது. கோபுரங்கள் அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், மெலிந்த வெளிச்சுவர்களுக்குப் பக்கபலமாக நிற்பதும் அவைதான். வெளியே இடது பாதியும் வலது பாதியும் அச்சாக ஒன்று போலிருக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்காக, உள்ளே அறைகளின் அளவு வேறாக இருந்தாலும் முகப்பில் அது தெரியாதபடி ஜன்னல்களை அமைத்திருக்கிறார்கள். உள் வசதியைவிட வெளித் தோற்றம் முக்கியம் என்று அவர்கள் முடிவெடுத்த இடங்கள் இவை. குளிர்காலத்தில் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே நடுங்குகிறது. அதற்கான விலையைக் கொடுத்துத்தான் இந்த முகப்பு கிடைத்தது.

இப்போது முகப்பை மறுபடி பாருங்கள். மூன்று தளங்கள். தரைத்தள ஜன்னல் குட்டை, அடுத்தது கொஞ்சம் உயரம், மேல்தளத்தில் மிக உயரம். தரைத்தளத்தில் சமையலறையும் வேலைக்காரர்களும். நடுத்தளத்தில் பெஸ்ஸும் குடும்பமும் அன்றாடம் வாழ்ந்த அறைகள். உச்சியில் விருந்தினருக்கான பெரும் அறைகள், அதாவது அரசியே வந்தாலும் வரவேற்கத் தகுந்தவை. எந்தத் தளம் எவ்வளவு முக்கியம் என்பதை ஜன்னல் உயரமே சொல்லிவிடுகிறது. இத்தாலியில் முக்கியமான அறைகளைத் தரைக்கு அடுத்த மாடியில் வைப்பது வழக்கம், இங்கே அதை இன்னும் ஒரு தளம் மேலே தூக்கிவிட்டார்கள். விளைவு, விருந்துச் சாப்பாடு கீழே சமையலறையிலிருந்து படியேறி, ஊர்வலமாக மேல்தளம் வரை போக வேண்டும். ஆறிப்போயிருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊர்வலமே ஒரு காட்சி.

கட்டடக்கலை வரலாற்றில் ஹார்ட்விக்குக்குத் தனி இடம் கொடுத்தது கீழ்க்கூடம். அதுவரை ஆங்கில வீடுகளில் 'ஹால்' எனப்படும் பெரிய கூடம் முகப்புக்கு இணையாக, நீளவாக்கில் இருக்கும். ஒரு ஓரத்தில் நுழைந்து, திரும்பி, கூடத்துக்குள் போக வேண்டும். வாசல் நடுவே இருந்தால் கூடம் நடுவே அமையாது, இந்தச் சிக்கல் தலைமுறைகளாக இருந்தது. இங்கே கூடத்தைத் திருப்பி, வாசலுக்கு நேராக, வீட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நோக்கிப் போகும்படி வைத்தார்கள். வாசலைத் தாண்டியதும் நேரே கூடம். இன்று நமக்கு இது சாதாரணம். கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் குடும்பமும் வேலையாட்களும் ஒன்றாகச் சாப்பிட்ட இடைக்காலக் கூடம் மெல்ல மெல்ல நுழைவாயில் கூடமாக மாறியதை இந்த ஒரு திருப்பம் காட்டுகிறது. குடும்பம் மேலே போய்விட்டது, கீழே வேலைக்காரர்கள் மட்டும்.

அங்கிருந்து ஒரு நீண்ட கல் படிக்கட்டு, வளைந்து வளைந்து, இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி, மேலே போகிறது. அது முடியும் இடத்தில் ஹை கிரேட் சேம்பர் என்ற பெரிய அறை. சுவரின் மேல்பாதி முழுவதும் வண்ணம் பூசிய சுதைச் சிற்பம்: காடு, மரங்கள், விலங்குகள், நடுவே வேட்டைத் தெய்வம் டயானா. கன்னித் தெய்வம் டயானா என்பது கன்னி அரசி முதலாம் எலிசபெத்துக்கு மரியாதை. அரசியோ கடைசி வரை வரவில்லை. சுவரின் கீழ்ப்பாதியில் பிரஸ்ஸல்ஸில் நெய்த டாபஸ்ட்ரி, அதாவது படம் நெய்த பெரிய சுவர்ச்சீலைகள். பெஸ் இவற்றை 1587-லேயே வாங்கி வைத்திருந்தார். சீலை முதலில், அறை பிறகு. சீலையின் உயரத்துக்குத் தகுந்தபடி அறை அமைந்திருக்கிறது.

பக்கத்தில் லாங் கேலரி, சுமார் 50 மீட்டர் நீளம், வீட்டின் கிழக்குப் பக்கம் முழுவதும் ஒரே அறை. மழை நாளில் நடைப்பயிற்சிக்கும், படங்களை மாட்டி வைக்கவும், வந்தவரோடு பேசிக்கொண்டே உலாவவும். இங்கே கிதியோன் என்ற பைபிள் வீரனின் கதையைச் சொல்லும் 13 டாபஸ்ட்ரிகள் தொங்குகின்றன. சர் கிறிஸ்டோபர் ஹாட்டன் என்ற அரசவைப் பிரமுகருக்காக நெய்தவை. அவர் கடனோடு இறந்ததும், 1592-ல் பெஸ் வாங்கினார், அவற்றில் இருந்த ஹாட்டன் குடும்பச் சின்னத்தை மாற்ற ஆகும் செலவைக்கூடக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார். இந்த மாதிரி விவரம்தான் எனக்கு அவரை நேரில் பார்த்தது போலக் காட்டுகிறது.

ஏன் இப்படியே மிஞ்சியது

1608-ல் பெஸ் இறந்தார். வீடு இரண்டாவது மகன் வில்லியம் கேவண்டிஷுக்குப் போனது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சற்றுத் தூரத்தில் சாட்ஸ்வொர்த் என்ற இன்னொரு மாளிகையும் இருந்தது, நாளடைவில் அதுவே தலைமை வீடு ஆயிற்று. புது ஃபேஷன், புதுப் பணம், இடித்துக் கட்டுவது எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்குப் போயின. 1687 முதல் அதைக் கிட்டத்தட்டப் புதிதாகவே கட்டினார்கள், பெஸ் காலத்துச் சாட்ஸ்வொர்த் இன்று இல்லை. ஹார்ட்விக் இரண்டாம் வீடு என்பதால் யாரும் கை வைக்கவில்லை. தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இந்தக் குடும்பத்தின் ஆதரவில் இருந்தவர், 1679-ல் இந்த வீட்டில்தான் இறந்தார். கவனிக்கப்படாமல் கிடந்ததால் பிழைத்த வீடு இது. பழைய கட்டடங்கள் பலவற்றின் கதையும் இதுதான், பணம் வந்த இடத்தில் பழசு அழிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வேறு ஆபத்து. விவசாய வருமானம் விழுந்தது, வாரிசு வரி ஏறியது, இரண்டு போர்களில் வாரிசுகளும் வேலையாட்களும் போனார்கள். நூற்றுக்கணக்கான கண்ட்ரி ஹவுஸ்களை இடித்து, ஈயத்தையும் கல்லையும் விற்றார்கள். 1950-களில் இது உச்சத்தில் இருந்தது. டெவன்ஷையர் குடும்பத்துக்கும் அடி விழுந்தது. பத்தாவது டியூக், அதாவது அப்போதைய டெவன்ஷையர் பிரபு, சொத்தை முன்கூட்டியே வாரிசுக்கு மாற்றியிருந்தார், ஆனால் வரிவிலக்குக் கிடைக்க வேண்டிய ஐந்தாண்டுக் கெடு முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, 1950-ல் இறந்துவிட்டார். வரி 80 சதவீதம். அந்த வரிக்கு ஈடாக ஹார்ட்விக்கை அரசுக்குக் கொடுத்தார்கள், அரசு அதை 1959-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தது. கடைசியாக அங்கே வாழ்ந்தவர் ஒன்பதாவது டியூக்கின் விதவை எவலின். டாபஸ்ட்ரிகளைத் தன் கையாலேயே பல ஆண்டுகள் தைத்துச் சரி செய்தவர்.

'லிஸ்டட்' என்றால்

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த நகரங்களில், எதை இடிக்கலாம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாத நிலையில் தொடங்கிய யோசனை இது. 1947-ம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம் முறையான பட்டியலை உருவாக்கியது. இன்று இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் பதிவுகள் உள்ளன. மூன்று நிலைகள்: கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கடைசி நிலைதான், கிரேடு 1 சுமார் 2.5 சதவீதம். 1700-க்கு முன் கட்டி, ஓரளவு பழைய நிலையிலேயே இருக்கும் எந்தக் கட்டடமும் பட்டியலில் சேரும் வாய்ப்பு மிக அதிகம்.

பட்டியலில் இருந்தால் எதையுமே தொடக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படிக் கிடையாது. மாற்றலாம், ஆனால் கட்டடத்தின் சிறப்பைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். முகப்புக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கணப்பு, படிக்கட்டு, சுதைக் கூரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம், சிறைத் தண்டனை வரை போகலாம். இந்தப் பலம் ஆரம்பத்திலேயே இருக்கவில்லை. 1968 வரை உரிமையாளர் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு இடிக்கலாம், அதிகாரிகள் முனைந்து தடுத்தால்தான் உண்டு. அதனால்தான் பட்டியல் வந்த பிறகும் அத்தனை மாளிகைகள் போயின. இன்னொன்று, பட்டியலில் சேர்த்தால் அரசு பணம் தரும் என்பதும், பொதுமக்களை உள்ளே விட்டாக வேண்டும் என்பதும் தவறான எண்ணங்கள்.

பழுது பார்ப்பதில் பெரிய தலைவலி சிமென்ட். பழைய கல் சுவரில் கல்லுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்புக் காரை. அது கல்லைவிட மென்மை, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும், தேய வேண்டியிருந்தால் காரைதான் முதலில் தேயும். அந்த இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கி, உறைந்து, கல்லின் முகத்தையே பிய்த்துவிடும். நல்ல எண்ணத்தோடு செய்த சிமென்ட் பூச்சால் கெட்ட சுவர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. காரை என்பது தேயத் தேய மாற்ற வேண்டிய பொருள், கல் அப்படி அல்ல.

ஹார்ட்விக்கில் இதைவிடக் கடினமான ஒரு முரண் இருக்கிறது. வீட்டின் பெருமையே வெளிச்சம், வீட்டுக்குள் இருக்கும் பொக்கிஷமோ வெளிச்சத்தில் சாகும் துணி. அதனால் பல நேரம் ஜன்னல்களில் திரையை இறக்கி, அறைகளை மங்கலாக வைத்திருப்பார்கள். போய்விட்டு வந்து 'இருட்டாக இருந்தது' என்று குறை சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அந்த 13 கிதியோன் சீலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்து, நைந்த இடத்தைத் தைத்து முடிக்க 24 ஆண்டுகள் ஆயின, செலவு 17 லட்சம் பவுண்டு, கடைசிச் சீலை 2023-ல்தான் திரும்பவும் தொங்கியது. என்னைக் கேட்டால் அந்தத் திரை இறங்கியே இருக்கட்டும்.

நேரில் போனால் உள்ளே அவசரமாக நுழையாதீர்கள். மேற்கு முகப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று மூன்று வரிசை ஜன்னல்களைப் பாருங்கள், பிறகு பக்கத்து ஓல்ட் ஹாலின் இடிபாட்டைப் பாருங்கள். ஒரே பெண் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு வீடுகள், ஒன்று முகப்பு ஒழுங்கில்லாமல் வளர்ந்தது, மற்றது முதல் கல்லிலிருந்தே திட்டமிட்டது. மேரி அரசி இங்கே சிறையிருந்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது 1587-ல், இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு முழுப் பட்டியலையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எந்தக் கட்டடத்தின் பெயரைப் போட்டாலும் அதன் நிலையும் விவரமும் வரும். பழைய பதிவுகள் சில நாலே வரியில் முடிந்துவிடும், கட்டடத்தை அடையாளம் காட்டினால் போதும் என்ற அளவில் எழுதியவை. சமீபத்தில் எழுதியவற்றில் வரலாறு, கல், ஜன்னல், பின்னால் செய்த மாற்றங்கள் எல்லாம் விரிவாக இருக்கும். ஹார்ட்விக்கில் தொடங்கி, அப்புறம் வொல்லட்டனையும் லாங்லீட்டையும் தேடிப் படித்தால் ஸ்மித்சனின் கை எங்கெங்கே தெரிகிறது என்று நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.